நாலு மணிக்கு அணைக்க வேண்டிய விளக்குகள்

காலை ஐந்து மணிக்கு அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குள் நுழைகிற எவனும் நடுப்பகல் என்றுதான் நினைப்பான். கூரையில் இருபத்துநாலு விளக்குகள் வெள்ளை வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருந்தன. மேசைக்கு அடியில்கூட நிழல் இல்லை. அந்த வெளிச்சத்தில் எட்டு பஞ்சிங் இயந்திரங்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெண் நின்றாள். இயந்திரம் வாயைத் திறக்கும்போது இடது கையால் வெட்டிய அட்டையை இழுக்க வேண்டும், வலது கையால் புது அட்டையைச் செருக வேண்டும், அது மூடுவதற்குள் இரண்டு கைகளும் வெளியே வந்துவிட வேண்டும். நிமிடத்துக்கு இருபது தடவை. இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் காலை ஆறு மணி வரைக்கும் இதுதான். சற்றுத் தள்ளி ஆண்கள், வெட்டிய அட்டைக் கட்டுகளை மரச்சுத்தியலால் அடித்து ஓரக் கழிவை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்பால் பசை மேசை. அங்கே விரல் நுனிகளில் பசை காய்ந்து தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது.

செய்வதெல்லாம் மருந்துப் பெட்டி. அந்த வாரம் வந்திருந்தது தூக்க மாத்திரைப் பெட்டி. யாரோ நிம்மதியாகத் தூங்குவதற்காக இங்கே நாற்பத்திரண்டு பேர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஏணிமேல் நின்று மின்விசிறிக்கு வயர் மாற்றிக்கொண்டிருந்தவன்தான் எலக்ட்ரீஷியன். வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. அது வருகைப் பதிவைத் தவிர வேறெங்கும் புழங்கவில்லை. எல்லோருக்கும் அவன் ஃபியூஸ். கோபம் வந்தால் பட்டென்று போய்விடுவான் என்பதால் வந்த பெயர் என்று சிலர் சொல்வார்கள், அதிலும் பொய்யில்லை. மூன்றாம் நம்பர் இயந்திரத்தில் நின்றவள் அவனுடைய தங்கை. அது அவளுக்குத் தொடர்ந்து ஆறாவது இரவு.

ஐந்து இருபதுக்கு மூன்றாம் நம்பரின் சத்தம் மாறியது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இயந்திரங்களின் சத்தத்திலேயே அவற்றின் நோயைக் கண்டுபிடிக்கிறவன் அவன். திரும்பிப் பார்த்தான். தங்கை நேராக நின்றுகொண்டிருந்தாள். கண்கள் திறந்திருந்தன. வலது கை மட்டும் வெளியே வரவில்லை.

அவன் ஏணியிலிருந்து குதித்து மெயினை இழுப்பதற்குள் இயந்திரம் தானே வாயைத் திறந்துவிட்டது. அவள் கத்தவில்லை. யாருடைய கையோ என்பதுபோல அதைக் குனிந்து பார்த்தாள். பிறகுதான் சரிந்தாள். எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த தொழிலாளி பசை மேசையிலிருந்து ஓடி வந்து அவளைத் தாங்கிக்கொண்டாள். மூன்று விரல்கள் போய்விட்டன. தூக்க மாத்திரைப் பெட்டி ஒன்று சிவப்பாக நனைந்து அந்த வாய்க்குள்ளேயே கிடந்தது.

அந்த விளக்குகள் வந்து நாலு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் மஞ்சள் குழல்விளக்குகள்தான். மூன்று மணி ஆனால் கொட்டாவி வரிசையாகத் தொற்றும். ஆளாளுக்குக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவார்கள். பெட்டிகள் கோணலாக ஒட்டப்பட்டுப் போனதால், சரக்கு வாங்குகிற மருந்துக் கம்பெனிக்காரர் ஒரு பெண்மணியை அனுப்பிவைத்தார். அவள் மூன்று இரவுகள் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்தாள். கையகலக் கருவி ஒன்றை அவரவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து வெளிச்சத்தை அளந்தாள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், அறையில் ஜன்னல் எந்தப் பக்கம், எத்தனை தடவை விழிப்பு வருகிறது என்றெல்லாம் ஒவ்வொருவராகக் கேட்டாள். அப்படி அவர்களைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். வெளிச்ச டாக்டர் என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். போகும்போது இரண்டு தாள்கள் எழுதி முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதலாளி அந்த இரண்டு தாள்களையும் ஃபியூஸிடம் நீட்டினார்.

"முதல் பக்கத்துல படம் போட்டிருக்கு. அதைப் பார்த்து விளக்கை மாட்டு. ரெண்டாவது பக்கம் நமக்கு வேண்டாம்."

படத்தில் இரண்டு லைன் இருந்தது. பன்னிரண்டு விளக்கு ஒரு சுவிட்சுக்கு, பன்னிரண்டு விளக்கு இன்னொரு சுவிட்சுக்கு. எதற்கு இரண்டு என்று அவன் கேட்கவில்லை. மாட்டி முடித்ததும் முதலாளி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டாவது சுவிட்சுல எவனும் கை வைக்கக் கூடாது. மேல டேப் ஒட்டிடு" என்றார். அவனே கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி ஒட்டினான்.

வேண்டாம் என்று சொன்ன இரண்டாம் பக்கத்தை என்ன செய்தான்? எலக்ட்ரீஷியன் கையில் காகிதம் கிடைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. நாலாக மடித்து, ஃபியூஸ் கம்பியை அதில் சுற்றி, கருவிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

விளக்கு வந்த பிறகு கொட்டாவி போய்விட்டது. அது உண்மை. ஆனால் ஆறு மணிக்கு வெளியே வருகிறவர்கள் அப்போதுதான் எழுந்து குளித்தவர்கள் மாதிரி வந்தார்கள். கண் கொட்டக் கொட்ட விழித்திருக்கும், உடம்பு மட்டும் அடித்துப் போட்டதுபோல் இருக்கும். எதிரே சூரியன். வீடு என்பது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஃபியூஸும் தங்கையும் அவளுடைய எட்டு வயது மகளும் அங்கேதான் இருந்தார்கள். தங்கை ஜன்னலில் புடவையைக் கட்டிவிட்டுப் படுப்பாள். இமையை மூடினால் இமைக்குள்ளும் அந்த வெள்ளை நிற்கும். பத்து மணிக்குத் தகரம் சூடேறும், குழாயடியில் சண்டை நடக்கும், பிள்ளை பள்ளியிலிருந்து வந்துவிடும். நாளைக்கு இரண்டு மணி நேரம், கொடுத்துவைத்திருந்தால் மூன்று மணி நேரம். ஒரு வாரம் இப்படி உருண்டு எழுந்தால், அடுத்த வாரம் ஷிஃப்டு பகலுக்கு மாறிவிடும். ராத்திரியில் தூங்கு என்றால் உடம்பு அப்போது மாட்டேன் என்னும்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் பன் பொட்டலம், கக்கத்தில் ஒரு ஃபாரம். மேஸ்திரியும் அதே இரவு ஷிஃப்டுக்காரர்தான். கண்ணுக்குக் கீழே அவருக்கும் கறுத்துத்தான் கிடந்தது. என்ன செய்வது, முதலாளி அனுப்பினால் வரத்தான் வேண்டும்.

"கையெழுத்துப் போட முடியாதுன்னு தெரியும்மா. இடது கைப் பெருவிரல் வச்சாலே போதும்" என்று மை டப்பாவைத் திறந்தார்.

கட்டுப்போட்ட வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு தங்கை கேட்டாள், "என்ன எழுதியிருக்கு?"

"வழக்கமா எழுதறதுதான்."

"படிங்க."

மேஸ்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மூன்றாம் எண் இயந்திரத்தில் வேலை செய்த பெண், தன் அஜாக்கிரதையால் வேலை நேரத்தில் தூங்கியதால் விபத்து நேர்ந்தது." தாளைத் தாழ்த்தினார். "விபத்துப் பதிவேட்டுலயும் இதே வரிதான் ஏறியிருக்கு."

"நான் தூங்கலை. என் கண்ணு திறந்துதான் இருந்துச்சு. எங்க அண்ணன் பார்த்தாரு."

"கண்ணு திறந்திருந்தா கையை ஏன்மா எடுக்கலை?"

விரல் போனதைவிட அவளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததுதான் வலித்தது. ஆனாலும் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். "அந்த வரியை எழுதின கையே அதைக் கோடு போட்டு அடிக்கணும். அதுக்கப்புறம் எங்க வேணும்னாலும் ரேகை வைக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மேஸ்திரி பன்னை வைத்துவிட்டு ஃபாரத்தோடு திரும்பிப் போனார்.

அந்த வாரம் அவர்கள் குழுவுக்குப் பகல் ஷிஃப்டு. திங்கட்கிழமை காலையில் ஒரு மோட்டாரின் ஃபியூஸ் கம்பி எரிந்துபோயிற்று. ஃபியூஸ் புதுக் கம்பி எடுக்கப் பைக்குள் கைவிட்டான். கம்பியைப் பிரித்தபோது காகிதத்தில் தங்கையின் இயந்திரத்தின் பெயர் கண்ணில் பட்டது. 'பஞ்சிங் இயந்திரங்களின் முன்' என்று இருந்தது. அடியில் கோடு போட்டிருந்தது. அவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து படித்தான்.

முழு வெளிச்சம் இரவின் முதல் ஆறு மணி நேரத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தாள் வெளிச்ச டாக்டர். நாலு மணிக்கு இரண்டாம் சுவிட்சை அணைக்கவும். மீதி வெளிச்சமே வேலைக்குப் போதும். வீட்டுக்குப் போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போகட்டும். காலை வெயில் கண்ணில் விழுந்தால் உடம்பு இனிமேல்தான் பகல் என்று நம்பிவிடும். படுக்கிற அறை இருட்டாக இருக்க வேண்டும். கனத்த திரையை நிர்வாகம் தரலாம். வாராவாரம் ஷிஃப்டு மாற்ற வேண்டாம். கடைசியில், கோடு போட்ட பகுதி: 'இவற்றைச் செய்யாமல் விளக்கை மட்டும் விடியும்வரை எரித்தால் இவர்களுடைய பகல் தூக்கம் இன்னும் குறையும். தூக்கப் பாக்கி சேர்ந்துபோனவர்கள் கண் திறந்தபடியே சில நொடிகள் தூங்கிவிடுவார்கள். அது அவர்களுக்கே தெரியாது. பஞ்சிங் இயந்திரங்களின் முன் இது கையை வாங்கும்.'

நாலு மாதம் இந்தத் தாள் அவன் தோளில்தான் தொங்கியது. அவன் கையாலேயே விளக்கை மாட்டி, அவன் கையாலேயே சுவிட்சுக்கு டேப் ஒட்டியிருந்தான். மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு முதலாளியின் அறைக்குப் போனான்.

கனத்த திரை தொங்கும் குளிர்ந்த அறை. மேசைமேல் ஒரே ஒரு சின்ன விளக்கு.

"வா. தங்கச்சி எப்படி இருக்கா?"

"மூணு விரல் இல்லாம இருக்கா."

முதலாளி பேனாவை மூடினார். "ஆஸ்பத்திரியை நான் பார்த்துக்கறேன்னு சொல்லியாச்சே. அந்த ஃபாரத்துல ரேகை வைக்கச் சொல்லு. சும்மா வீம்பு பிடிக்கக் கூடாது."

ஃபியூஸ் தாளை மேசைமேல் விரித்தான். கம்பி சுற்றிய தடம் அதில் வரிவரியாக இருந்தது.

"இது என்ன?"

"நீங்க வேண்டாம்னு சொன்ன ரெண்டாவது பக்கம். நான் இன்னிக்குத்தான் படிச்சேன். நீங்க எப்போ படிச்சீங்க முதலாளி?"

முதலாளி தாளைத் தொடவில்லை. "எழுதறவங்களுக்கு என்ன, எழுதிட்டுப் போயிடுவாங்க. கடைசி ரெண்டு மணி நேரத்துலதான் அன்னன்னிக்கு சரக்கு முடியுது. அப்போ போய் விளக்கைக் குறைச்சா கையும் குறையும்."

"கை குறைஞ்சிடுச்சு முதலாளி. விளக்கைக் குறைக்காமலே."

"வார்த்தையை அளந்து பேசு. இத்தனை விளக்கு போட்டுக் கொடுத்தும் ஒருத்தி தூங்கினா அதுக்கும் நான்தான் பொறுப்பா? நானும்தான் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் ஓடறேன். என்னிக்காவது எனக்குக் கண்ணு சொக்கிப் பார்த்திருக்கியா?"

"நீங்க ராத்திரியில தூங்கறீங்க."

"தூங்கறேன். மனசாட்சி சுத்தமா இருக்கறவன் படுத்த உடனே தூங்குவான். போய் மோட்டாரைப் பாரு."

அந்த வார்த்தையை ஃபியூஸ் வெளியே எடுத்துக்கொண்டு வந்தான். அன்று முழுவதும் அதை மென்றான், பசை மேசை அக்காவிடம் மட்டும் தாளைக் காட்டி அதைச் சொன்னான். மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில், மெயின் போர்டு இருக்கும் அறைக்குள் போய் மூடியைக் கழற்றினான். எந்த இரண்டு கம்பிகளைச் சேர்த்தால் போர்டு எரிந்து, தீ அட்டைக் கிடங்குக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியும். காய்ந்த அட்டை. கால் மணி நேரம் போதும்.

"என்ன தம்பி, திருட்டு வேலை பார்க்கறவன் கதவைச் சாத்திக்கக் கூடாதா?"

பசை மேசை அக்கா வாசலில் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். நடுங்காத குரல். விரல் நுனியில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"போயிடுங்க அக்கா. எரிச்சுடறேன். நாளைக்கு அவன் சாம்பலை அள்ளட்டும்."

"அள்ளுவான். கூடவே இன்சூரன்ஸையும் அள்ளுவான். நாங்க நாப்பத்தோரு பேரும் தெருவுல நிப்போம், நீ ஜெயில்ல இருப்பே. பதிவேடு எரிஞ்சா அந்த வரியும் எரியும்னு நினைக்காதே. புதுசா ஒண்ணு எழுதுவான். அதுல உன் தங்கச்சிக்குப் பக்கத்துல உன் பேரும் இருக்கும்."

"அப்போ அவனைச் சும்மா விடச் சொல்றீங்களா?"

அக்கா உரித்த பசையைக் கீழே போட்டாள். "நான் எப்போ அப்படிச் சொன்னேன்? அந்த மிஷின் வாய்க்குள்ள கையை விட்டு உன் தங்கச்சி விரலை எடுத்தது நான்தான். துணியில சுத்தி டாக்டர்கிட்ட கொண்டுபோனதும் நான்தான். ஒட்ட முடியாதுன்னு சொன்னாரு. எனக்கு இருக்கற ஆத்திரம் உனக்குப் பாதிகூட இருக்காது." கழற்றி வைத்த மூடியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "படுத்த உடனே தூங்குவேன்னு சொன்னானாமே. முதல்ல அதைப் பிடுங்குவோம்."

முதலாளியின் வீடு அதே மதிலுக்குள், லாரி நிற்கும் முற்றத்தை ஒட்டி இருந்தது. மாடியில் படுக்கையறை. ஜன்னலில் பூப்போட்ட மெல்லிசுத் திரை. இராத்திரியில் தூங்குகிறவனுக்கு இருட்டு சும்மா கிடைக்கிறது. கனத்த திரை எதற்கு? முற்றத்தில் சரக்கு ஏற்றுவதற்காக நாலு பெரிய ஒளிவிளக்குகள் கம்பத்தில் இருந்தன. அவை வீட்டுக்குப் புறம் காட்டி நின்றன. அன்று ஷிஃப்டு முடிந்து போகும்போது ஃபியூஸ் ஏணியைச் சாத்தி ஏறி, இரண்டு விளக்குகளை மாடி ஜன்னலைப் பார்க்கத் திருப்பிவிட்டு இறங்கினான். இரவுக் குழுவின் சுமைக்காரர்களுக்கு அக்கா ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள்.

இரவு பதினொரு மணிக்கு முதலாளி மாடியிலிருந்து கத்தினார். விளக்கை அணை என்றார். அணைத்துவிடுகிறோம், ஆனால் இருட்டில் சரக்கு ஏற்ற முடியாது, காலையில் லாரி கிளம்பாது என்று கீழேயிருந்து பணிவாகப் பதில் வந்தது. பிறகு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. சரக்கா தூக்கமா என்றால் அவருக்குச் சரக்குதான். அன்றைக்கென்று லாரிகள் பின்னால் வரும்போதெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தன.

மறுநாள் ஃபியூஸை அழைத்துக் காய்ச்சி எடுத்தார். அவன் தலையைச் சொறிந்தான். "பிடிப்பு தேஞ்சு போச்சு முதலாளி. காத்தடிச்சா திரும்பிக்குது. புதுப் பிடிப்பு வாங்கணும்னு மூணு மாசத்துக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்தேன். நீங்கதான் கையெழுத்துப் போடலை." அவர் கண் முன்னாலேயே விளக்குகளைத் திருப்பி வைத்தான். சாயங்காலத்துக்குள் அவை மறுபடியும் மாடியைப் பார்த்தன.

ஆஸ்பத்திரியில் தங்கையிடம் இதைச் சொன்னபோது, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் தலையணையை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"எத்தனை விளக்கு திருப்பினே?"

"ரெண்டு."

"நாலு இருக்குல்ல அண்ணா?"

அடுத்த இரவு நாலும் திரும்பின. முதலாளி பக்கத்து அறைக்குப் போனார். அந்த ஜன்னலுக்கும் ஒரு விளக்கு இருந்தது. நாலாம் நாள் அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரே சாவியை மூன்று தடவை தேடினார். மேஸ்திரியைக் காரணமில்லாமல் திட்டினார், கொஞ்ச நேரத்தில் எதற்குத் திட்டினோம் என்பதை அவரையே கேட்டார். ஃபியூஸுக்கு இதைப் பார்க்கப் பார்க்கச் சாப்பாடு நன்றாக இறங்கியது. அதில் அவனுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை மருந்துக் கம்பெனிக்காரர் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார். முதலாளி அவரை அழைத்துக்கொண்டு வரிசையாக வந்தார். மூன்றாம் நம்பரில் இப்போது புதுப் பெண் ஒருத்தி நின்றாள். அதன் முன்னால் நின்று வந்தவர் கேட்டார்: "ஒரு மணி நேரத்துக்கு எத்தனை அடிக்கும்?"

முதலாளி பதில் சொல்லவில்லை. இயந்திரம் வாயைத் திறந்து மூடியது. மறுபடியும் திறந்து மூடியது. அவர் நேராக நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த பேனா நழுவிக் கீழே விழுந்தது. அதற்கும் அவர் அசையவில்லை. புதுப் பெண் பயந்துபோய் இயந்திரத்தை நிறுத்தினாள். அந்தச் சத்தமின்மையில்தான் அவர் தூக்கிவாரிப் போட்டதுபோல் விழித்தார்.

"என்ன கேட்டீங்க?"

பசை மேசையிலிருந்து அக்கா எழுந்து வந்தாள். குனிந்து பேனாவை எடுத்தாள். "கண்ணு திறந்துதான் இருந்துச்சு. ஆளு இல்லை" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "மேஸ்திரி, பதிவேட்டைக் கொண்டு வாங்க. எழுதணும்ல? முதலாளி தன் அஜாக்கிரதையால் வேலை நேரத்தில் தூங்கினார்."

மரச்சுத்தியல்கள் நின்றுவிட்டன. முதலாளியின் முகம் வெளுத்துச் சிவந்தது. "நாலு நாளா என்னைத் தூங்க விடாம பண்ணிட்டு" என்று தொடங்கியவர், தன் வாயாலேயே என்ன சொல்கிறோம் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

"நாலு நாள்" என்றான் ஃபியூஸ். "என் தங்கச்சிக்கு நாலு மாசம்."

அக்கா இரண்டாம் பக்கத்தின் நகலை மருந்துக் கம்பெனிக்காரர் கையில் கொடுத்தாள். அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பிறகு பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவரிடம் பெரிதாக எதையும் யாரும் எதிர்பார்க்கவில்லை. கார் வாசலைத் தாண்டியதும் முதலாளி ஃபியூஸைக் கேட்டுக்கு வெளியே அனுப்பினார். இனிமேல் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குழாயடிக்குப் பக்கத்துக் காலி இடத்தில் இரண்டு குழுக்களும் கூடின. ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் வந்திருந்த தங்கை இரண்டாம் பக்கத்தை உரக்கப் படித்தாள். கண் திறந்தபடியே தூங்கிவிடுவார்கள், அது அவர்களுக்கே தெரியாது என்ற இடத்தில் அவள் குரல் நின்றது. மேஸ்திரியின் கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. மறுபடியும் அதே வரியைப் படித்தாள். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவன் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்ததை. ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே பிள்ளையைத் தேடியதை. இத்தனை நாளும் அவரவர் தங்கள் உடம்பின் குற்றம் என்று மறைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. பதிவேட்டின் அந்த வரியை முதலாளியே அடிக்க வேண்டும், ஃபியூஸ் உள்ளே வர வேண்டும், தாளில் உள்ளபடி எல்லாம் நடக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவர் சம்மதிக்கிறவரைக்கும் காத்திருப்பதா என்று ஒருவன் கேட்டான். நாலு மணிக்கு அணைக்க அவர் எதற்கு, நமக்குக் கை இல்லையா என்றாள் அக்கா.

திங்கட்கிழமை இரவு அவர்கள் குழு வேலைக்குப் போயிற்று. ஃபியூஸால் வீட்டில் இருக்க முடியவில்லை. விடிகாலை நாலு மணிக்கு முன்பே தங்கையோடு கேட்டுக்கு எதிரே, கழிவு அட்டை மலைபோலக் குவிந்து கிடக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்தான். மதிலுக்கு மேலே தொழிற்சாலையின் உயரமான கண்ணாடிகள் வெள்ளையாக எரிந்தன.

நாலு மணிக்குப் பாதி வெளிச்சம் போயிற்று.

"டேப்பை உரிச்சுட்டாங்க" என்றான்.

ஒரு நிமிடத்தில் மறுபடி முழு வெளிச்சம் வந்தது. மேஸ்திரி போட்டிருப்பார். உடனே பாதி அணைந்தது. போட்டார், அணைந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஃபியூஸுக்குப் பார்க்காமலே தெரிந்தது. ஒருவர் அணைத்துவிட்டுப் போய் இயந்திரத்தில் நிற்க, மேஸ்திரி போட, அடுத்தவர் போய் அணைக்க, யார் அணைத்தது என்றால் நான் என்று ஒவ்வொருவராகச் சொல்ல. தங்கை இடது கையின் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது தடவை அணைந்த வெளிச்சம் அப்புறம் வரவில்லை. இயந்திரங்களின் சத்தம் மட்டும் அதே தாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்குக் கேட் திறந்தது. நாற்பது பேரும் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார்கள். நடைபாதையில் விற்கும் மலிவுக் கண்ணாடி, வெல்டிங் கண்ணாடி, ஒருவனுக்கு அவன் மனைவியின் கண்ணாடி. வரிசையில் கடைசியாக மேஸ்திரி வந்தார். அவரிடம் கண்ணாடி இல்லை.

"ஒன்பது தடவைக்கு மேல என்னால முடியலைம்மா" என்றார் தங்கையைப் பார்த்து. "நானும் தூங்கி நாலு மாசம் ஆச்சு." அக்கா தன் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் திணித்தாள்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வேலைக்கு வந்த பகல் குழு உள்ளே போகவில்லை. மாடி ஜன்னலில் முதலாளி வந்து நின்றார். எல்லோரையும் நீக்கிவிடுவதாகவும் போலீசைக் கூப்பிடுவதாகவும் கத்தினார். கூப்பிடவும் செய்வார். அது எல்லோருக்கும் தெரியும்.

"பதிவேட்டோட கீழ வாங்க" என்று அக்கா பதிலுக்குச் சொன்னாள். "நாங்க இங்கதான் இருப்போம்."

இரவுக் குழு கேட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தது. உட்கார்ந்தவர்கள் சாய்ந்தார்கள். சாய்ந்தவர்களுக்குக் கண் செருகியது. வெயில் மதிலைத் தாண்டி முகத்தில் விழத் தொடங்கியபோது, பகல் குழுவில் ஒருத்தி போய்க் கழிவுக் குவியலிலிருந்து பெரிய அட்டை ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள். படுத்திருந்தவர்களின் தலைக்கு நேராக, இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். அடுத்தவனும் போய் எடுத்து வந்தான். கொஞ்ச நேரத்தில் நாற்பதுக்கு மேல் ஆட்கள் சுற்றி நின்று அட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே, நாலு மாதத்தில் முதல் தடவையாக, பட்டப்பகலில் ஒரு துண்டு இருட்டு விழுந்தது. மேஸ்திரி குறட்டை விட ஆரம்பித்தார்.

மாடியில் திரை விலகுவதும் மூடுவதுமாக இருந்தது. அங்கேயும் தூக்கம் இல்லை.

ஃபியூஸ் உட்கார்ந்தபடியே கண்ணைக் கசக்கினான். தங்கை அவன் தலையைப் பிடித்து அட்டை நிழலுக்குள் சாய்த்தாள். அவள் இடது கையில் ஒரு பேனா இருந்தது. அன்றைக்கு முதலாளியின் கையிலிருந்து விழுந்து அக்கா எடுத்து வைத்திருந்த பேனா.

"நீ தூங்கு அண்ணா. அவன் கீழ வந்து அந்த வரியை அடிக்கணும், அதுக்கு இது வேணும்" என்றாள், மாடி ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் முழிச்சிருக்கேன்."